குழாய் உறைந்த நாள்

சாலை நடுவே ஒரு மஞ்சள் கோடு.
மேற்கே கான்சஸ், கிழக்கே மிசௌரி.
கிழக்கே சிகரெட் மலிவு, பெட்ரோலும்.
பதினோரு வருடம் மேற்கே குடியிருந்தோம்.
வாடகை ஏறியது. ஒரு சனிக்கிழமை
மெத்தையை டிரக்கில் கட்டிக்கொண்டு
ஒன்பது நிமிடத்தில் இந்தப்பக்கம் வந்துவிட்டோம்,
சிக்னலில் நின்ற நேரமும் சேர்த்து.

அந்த ஒன்பது நிமிடத்தில்
நான் மனைவி இல்லாமல் போய்விட்டேன்
என்கிறார் டெல்பர்ட்டின் வக்கீல்.
"இந்த மாநிலத்தில்
அப்படியொரு திருமணமே கிடையாது, கனம் நீதிபதி அவர்களே.
சர்ச் இல்லை, உரிமத்தாள் இல்லை,
மோதிரம்கூட இல்லை."

மோதிரம் இருந்தது.
அடகுக்கடையில் வாங்கியது.
விரல் பச்சையாகிவிட்டதால் கழற்றி வைத்தேன்.

என் வக்கீல் பெட்ரா ஸ்லோவிக்
முதல் நாளே சொன்னாள்:
"கோட்டுக்கு அந்தப்பக்கம் பிறந்த திருமணம்
இந்தப்பக்கம் வந்ததால் செத்துப்போகாது, ரொவீனா.
ஆனால் பிறந்ததென்று நீங்கள்தான் காட்ட வேண்டும்."

நான் விட்டுப்போகத்தான் வந்தேன்.
அவிழ்ப்பதற்கு முன்னால்
முடிச்சு இருந்ததா என்கிறார்கள்.
ஆறு மாதமாக, வேண்டாத ஒரு மனிதனுக்கு
நான் மனைவிதான் மனைவிதான் என்று
ஊரெல்லாம் சாட்சி தேடி அலைகிறேன்.

நாய்க்கு ஊசி போட்ட ரசீதில் 'திருமதி கிராஸ்'.
ஓமஹா மோட்டல் பதிவேட்டில்
அவர் கோழிக் கிறுக்கலிலேயே 'கிராஸ் தம்பதி'.
அவர் அம்மா இறந்தபோது செய்தித்தாளில் வந்த நாலு வரி:
மகன் டெல்பர்ட், மருமகள் ரொவீனா.
பெட்ரா அதை வாசித்தபோது மட்டும்
டெல்பர்ட் மேசையின் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்களிடமும் ஒரு தாள் இருந்தது.
மிசௌரி ஆஸ்பத்திரிப் படிவம், என் பித்தப்பைக் கல்லுக்கு.
'திருமணம் ஆகாதவர்' கட்டத்தில் ஒரு டிக்.
"உங்கள் கையெழுத்துதானே?"
ஆமாம்.
"அன்று பொய் சொன்னீர்களா, இன்று சொல்கிறீர்களா?"

தனியாளென்றால் பில்லில் பாதி தள்ளுபடி, ஐயா.
பேனா அவருடையது, டிக்கும் அவருடையது.
என் கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது,
கையெழுத்துக்கு மட்டும் அதைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.
இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன்.
'ஆமாம் அல்லது இல்லை' என்றார்கள்.

கடைசியில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
"எந்த நாளிலிருந்து?"

நாள்.
யார் குறித்து வைத்தார்கள்.

ஒரு ஜனவரி. சமையலறைக் குழாய் உறைந்து வெடித்தது.
ஹாஸ்கெல் என்ற பிளம்பர்
காலணிப் பனியைக் கம்பளத்தில் உதறியபடி நிற்கிறான்.
அடித்தளத்திலிருந்து டெல்பர்ட் கத்துகிறார்:
"வால்வு எங்கேயென்று என் பெண்டாட்டியைக் கேள்."
அதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை.
ஹாஸ்கெல் என்னைப் பார்த்தான்.
நான் இல்லையென்று சொல்லவில்லை.
டார்ச்சைத் தூக்கிப் பிடித்து
வால்வைக் காட்டினேன்.

பிளம்பர் ரசீதைப் பெட்ரா நீட்டினாள். நூற்றெழுபது டாலர்.
நீதிபதி இரண்டு முறை படித்தார்.

தீர்ப்பு ஒரே தாளில் அடங்கிவிட்டது.
திருமணம்: ஜனவரி பத்தொன்பது.
அதற்கு நாலு வரி கீழே முறிவு, இன்றைய தேதியில்.
முதல்முதலாக எனக்கு ஒரு கல்யாண நாள்,
முத்திரையோடு.

தாழ்வாரத்தில் லிஃப்டுக்கு நின்றோம்.
டெல்பர்ட் தொப்பியைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.
"பத்தொன்பது இல்லை," என்றார், என்னைப் பார்க்காமல்.
"பதினேழு. சனிக்கிழமை ராத்திரி.
அதனால்தானே இரட்டைக் கூலி கேட்டான்.
ரசீதைத்தான் திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தான்."